சின்னமனூர் அளவு ஜனத்தொகை, 10 ஒலிம்பிக் பதக்கம்: லீக்டன்ஸ்டைன் ஜெயித்தது எப்படி?

2011 கணக்கெடுப்பின்படி சின்னமனூர் நகராட்சியின் மக்கள்தொகை 42 ஆயிரத்துச் சொச்சம். ஐரோப்பாவில் இருக்கும் லீக்டன்ஸ்டைனின் மொத்த மக்கள்தொகை இன்றைக்கு சுமார் 40 ஆயிரம். இது நகராட்சி இல்லை, தனி நாடு. தனி ஆட்சியாளர், தனி நாடாளுமன்றம், ஐ.நா. சபையில் தனி இருக்கை என்று எல்லாம் உண்டு.

இந்த நாடு 2022 பெய்ஜிங் வரையிலான குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் 10 பதக்கங்கள் வாங்கியிருக்கிறது. 2 தங்கம், 2 வெள்ளி, 6 வெண்கலம். அதே காலம் வரை 140 கோடி பேர் கொண்ட இந்தியாவின் கணக்கில் ஒன்றுகூட இல்லை. இதைவிடப் பெரிய ஆச்சரியம் 1980-ல் நடந்தது. அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கப் பதக்க அடிப்படையிலான பட்டியலில் லீக்டன்ஸ்டைன் 6-வது இடம் பிடித்தது. பனி விளையாட்டுக்கே பேர்போன சுவிட்சர்லாந்தும் நார்வேயும் அதற்குக் கீழே. இத்தாலி, பிரான்ஸ், கனடா, அன்றைய மேற்கு ஜெர்மனி எல்லாமே கீழே. அப்போது லீக்டன்ஸ்டைனில் இருந்தது சுமார் 25 ஆயிரம் பேர்தான்.

இது எப்படி முடிந்தது? ‘பனி கொட்டுற ஊரு, ஜெயிக்கிறாங்க, அதுல என்ன அதிசயம்?’ என்று கேட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் பனி கொட்டும் ஊர்கள் உலகில் ஆயிரம் இருக்கின்றன. பதில் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

இரண்டு பள்ளத்தாக்குகள்

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த நாட்டைக் கற்பனை செய்வது மற்றவர்களைவிட எளிது. ஒரு பக்கம் மலைச்சரிவு, அடிவாரத்தில் ஆறு, ஆற்றை ஒட்டி ஊர்கள், வயல்கள். கம்பம் பள்ளத்தாக்குக்கு முல்லைப் பெரியாறு என்றால் அங்கே ரைன் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுவிட்சர்லாந்து. மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியா. கூடலூர், கம்பம் பக்கம் போலவே அங்கும் திராட்சை விளைகிறது. ஆட்சியாளரின் குடும்பத்துக்கே தலைநகர் வாடுஸில் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வீசும் காற்றுகூட உண்டு. ஆனால் நம் சாரல் காற்று குளிரும், அவர்களுடைய ‘ஃபோன்’ காற்று சுடும்.

அளவு மட்டும் வேறு. நாட்டின் பரப்பு 160 சதுர கி.மீ. தேனி மாவட்டம் அதைவிட 17 மடங்குக்கு மேல் பெரியது. மக்கள்தொகையில் 30 மடங்கு. வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைவரை 25 கி.மீ. தேனியில் பஸ் ஏறினால் சின்னமனூர் வருவதற்குள் நாடே முடிந்துவிடும். விமான நிலையம் கிடையாது. 1868-ல் ராணுவத்தைக் கலைத்துவிட்டார்கள். புழங்கும் பணம் சுவிட்சர்லாந்தின் ஃபிராங்க்.

உலகம் இந்த நாட்டை எவ்வளவு கவனிக்காமல் இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்கு வந்தபோதுதான் தங்கள் கொடியும் கரீபியன் கடலில் இருக்கும் ஹெய்ட்டி நாட்டின் கொடியும் ஒன்றுபோலவே இருப்பது தெரியவந்தது. இரண்டுமே மேலே நீலம், கீழே சிவப்பு. அடுத்த வருடமே லீக்டன்ஸ்டைன் தன் கொடியில் ஒரு கிரீடத்தைச் சேர்த்துக்கொண்டது.

பனிச்சறுக்குக்கு அந்த நாட்டில் பேர் சொல்லும்படி இருக்கும் ஒரே இடம் மால்புன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். நம் மேகமலையும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான். அங்கே மீட்டர் கணக்கில் பனி குவிய, இங்கே தேயிலை விளையக் காரணம் பூமத்திய ரேகையிலிருந்து இருக்கும் தூரம். கம்பம் 10 டிகிரி அட்சரேகைக்குப் பக்கத்தில். மால்புன் 47 டிகிரியில். அதனால் மூணாறில் ஜனவரி மாதம் புல்வெளியில் உறைபனி படர்ந்தாலே நமக்குச் செய்தி ஆகிவிடுகிறது.

அது என்ன விளையாட்டு?

லீக்டன்ஸ்டைனின் 10 பதக்கங்களும் ஒரே விளையாட்டில் வந்தவை: அல்பைன் ஸ்கீயிங். போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கும் மலையை நினைத்துக்கொள்ளுங்கள். தார் ரோடு இல்லை, முழுக்க இறுகிய பனி. வண்டிக்குப் பதில் காலில் மாட்டிய இரண்டு நீளப் பலகைகள். வழியில் நட்டிருக்கும் கம்புகளை விடாமல் சுற்றி வளைந்து, யார் குறைந்த நேரத்தில் கீழே வருகிறாரோ அவர் ஜெயித்தார். நீதிபதி மதிப்பெண் போடுவதெல்லாம் கிடையாது, கடிகாரம்தான் தீர்ப்பு.

கம்புகள் நெருக்கமாக இருந்தால் ஸ்லாலம். கொஞ்சம் தள்ளித் தள்ளி இருந்தால் ஜெயன்ட் ஸ்லாலம். இரண்டிலும் இரண்டு முறை இறங்கி, நேரத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். டவுன்ஹில்லில் வளைவு குறைவு, வேகம் அதிகம். மணிக்கு 100 கி.மீ. சாதாரணமாகத் தாண்டும். சூப்பர்-ஜி இந்த வேகத்துக்கும் ஜெயன்ட் ஸ்லாலத்துக்கும் நடுவில். இந்த இரண்டிலும் ஒரே ஒரு வாய்ப்புதான். விழுந்தால் முடிந்தது.

ஒரு வீட்டில் 6 பதக்கம்

லீக்டன்ஸ்டைனின் கதையை ஒரு குடும்பத்தின் கதை என்றுகூடச் சொல்லலாம். ஹன்னி வென்செல் 1956-ல் ஜெர்மனியில் பிறந்தவர். அவருக்கு ஒரு வயதாக இருக்கும்போது குடும்பம் லீக்டன்ஸ்டைனுக்குக் குடிவந்தது. 17 வயதில், 1974-ல், சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஸ்லாலம் தங்கம் வென்றார். அதற்குப் பிறகுதான் அவருக்குக் குடியுரிமையே கிடைத்தது. தங்கத்தோடு வந்த பெண்ணுக்கு ‘நீயும் இந்த ஊர்க்காரிதான்’ என்று எழுதிக் கொடுத்தார்கள்.

1976-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் ஸ்லாலம் வெண்கலம். நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. சில நாட்களிலேயே ஆண்கள் ஸ்லாலத்தில் வில்லி ஃப்ரோமெல்ட்டும் வெண்கலம் வாங்கினார். நான்கு வருடம் கழித்து லேக் பிளாசிட். டவுன்ஹில்லில் ஹன்னிக்கு வெள்ளி, ஜெயன்ட் ஸ்லாலத்தில் தங்கம், ஸ்லாலத்திலும் தங்கம். அவருடைய தம்பி ஆண்ட்ரியாஸ் வென்செல், ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க்குக்கு அடுத்தபடி வந்து ஜெயன்ட் ஸ்லாலத்தில் வெள்ளி. பட்டியலில் 6-வது இடம் என்று முதலில் சொன்னது இந்த நான்கு பதக்கங்களைத்தான். நான்கும் ஒரே வீட்டுக்குப் போனவை.

அதே வருடம் உலகக் கோப்பைத் தொடரின் ஒட்டுமொத்த சாம்பியன் பட்டத்தைப் பெண்கள் பிரிவில் ஹன்னியும் ஆண்கள் பிரிவில் ஆண்ட்ரியாஸும் வென்றார்கள். குளிர்காலம் முழுக்க வாராவாரம் ஒவ்வொரு மலையாக நடக்கும் தொடர் அது. ஒலிம்பிக்கில் ஒருநாள் அதிர்ஷ்டம் அடித்தது என்று யாரும் சொல்ல முடியாமல் போனதற்கு இந்தப் பட்டம்தான் காரணம்.

இந்தக் கொண்டாட்டத்தில் பலர் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. இரண்டு தங்கம் வாங்கிக் கொடுத்த ஹன்னிக்கு 1980-ல் தன் நாட்டின் தேசியத் தேர்தலில் ஓட்டுப் போட உரிமை கிடையாது. பெண் என்பதால்! 1971-லும் 1973-லும் பெண்களுக்கு ஓட்டுரிமை தரலாமா என்று அங்கே வாக்கெடுப்பு நடந்தது. ஆண்கள் மட்டுமே ஓட்டுப் போட்ட அந்த இரண்டு முறையும் ‘வேண்டாம்’ என்றே முடிவு வந்தது. 1984 ஜூலை 1-ல் மூன்றாவது முறையாகக் கேட்டபோதுதான், 51 சதவீதத்துக்குச் சற்று அதிகமான ஆதரவில், நூலிழையில் நிறைவேறியது. அதற்கு ஐந்து மாதம் முன்பு, பிப்ரவரியில், சரயேவோ ஒலிம்பிக்கில் நாட்டுக்காக வெண்கலம் வாங்கிய உர்சுலா கொன்செட்டுக்கும் அன்றைக்கு ஓட்டு இல்லை. ஒப்பிட்டுப் பார்த்தால், வரி, சொத்துத் தகுதிக் கட்டுப்பாடுகளோடுதான் என்றாலும் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் தீர்மானம் 1921-லேயே நிறைவேறிவிட்டது.

சின்ன நாடு, பணக்கார நாடு, பதக்கம் குவித்த நாடு என்று பெருமையாகப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

30 வருட வறட்சி

1984 சரயேவோவில் ஹன்னி இல்லை. விளம்பரப் பணத்தை நேரடியாக வாங்க அனுமதிக்கும் உரிமத்தை எடுத்திருந்ததால், ‘இவர் அமெச்சூர் வீரர் இல்லை’ என்று அவருக்கும் ஸ்டென்மார்க்குக்கும் ஒலிம்பிக் கதவு அடைக்கப்பட்டது. அந்தக் காலத்து விதி அப்படி. தம்பி ஆண்ட்ரியாஸ் ஜெயன்ட் ஸ்லாலத்தில் வெண்கலம் வாங்கினார். 1988 கால்கரியில், இத்தாலியின் ஆல்பர்டோ டோம்பா தங்கம் வென்ற ஸ்லாலத்தில் பால் ஃப்ரோமெல்ட்டுக்கு வெண்கலம். இவர் வில்லியின் தம்பி.

ஆக, 1976 முதல் 1988 வரை வந்த 9 பதக்கங்களில் எட்டு, இரண்டே குடும்பங்களுக்குப் போனவை. அதோடு ஊற்று வற்றிப்போனது. மார்கோ பியூஷல் என்ற வீரர் 1992 முதல் 2010 வரை ஆறு ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். 1999-ல் உலக சாம்பியன்ஷிப் வெள்ளி வென்றவர். ஆனாலும் ஒலிம்பிக் பதக்கம் அவருக்குக் கடைசிவரை அமையவில்லை.

30 வருடம் கழித்து 2018-ல் தென்கொரியாவின் பியாங்சாங்கில் அந்த வறட்சி முடிந்தது. முடித்துவைத்தவர் டினா வைராதர். அம்மா ஹன்னி வென்செல். அப்பா ஹார்ட்டி வைராதர், 1982-ல் டவுன்ஹில் உலக சாம்பியன் ஆன ஆஸ்திரியர். ‘புலிக்குப் பிறந்தது பூனையாகுமா’ என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் டினா வந்த பாதை அவ்வளவு நேரானதில்லை. முழங்கால் காயத்தால் 2010 வான்கூவர் போனது. 2014 சோச்சிக்குப் போயும், பயிற்சியில் விழுந்து அடிபட்டதால் ஒரு போட்டியில்கூட இறங்க முடியவில்லை. 2018-ல் 28 வயதில்தான் சூப்பர்-ஜியில் வெண்கலம். தங்கம் வென்ற செக் குடியரசின் எஸ்டர் லெடெக்காவுக்கும் டினாவுக்கும் வித்தியாசம் 0.11 விநாடி. கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. 2020-ல் டினா ஓய்வு பெற்றார். 2022 பெய்ஜிங்குக்கு லீக்டன்ஸ்டைன் அனுப்பியது இரண்டே இரண்டு வீரர்களை.

சரி, காரணம் என்ன?

‘ஆளுக்கு எத்தனை பதக்கம்’ என்ற கணக்கு இணையத்தில் அடிக்கடி சுற்றும். 40 ஆயிரம் பேருக்கு 10 பதக்கம் என்றால் 4,000 பேருக்கு ஒன்று. அதே விகிதத்தில் தேனி மாவட்டத்துக்கு 300-க்கு மேல் வர வேண்டும். இந்தியாவுக்கு மூன்றரை லட்சம்! பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மொத்தமே 109 போட்டிகள்தான் நடந்தன. பெரிய நாடு எந்தக் காலத்திலும் இந்தக் கணக்கில் ஜெயிக்க முடியாது. ஆகவே அதை வைத்து ‘அவங்க திறமைசாலி, நாம சோம்பேறி’ என்று பேசுவதில் அர்த்தமில்லை.

உண்மையான காரணங்களில் ஒன்று ஒலிம்பிக் விதியிலேயே இருக்கிறது. அல்பைன் ஸ்கீயிங்கில் ஒரு போட்டிக்கு ஒரு நாடு அதிகபட்சம் நான்கு பேரைத்தான் இறக்கலாம். ஆஸ்திரியாவில் ஐந்தாவது இடத்தில் இருப்பவர் உலகத் தரத்தில் இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து டிவியில்தான் பார்க்க வேண்டும். லீக்டன்ஸ்டைன்காரருக்கு அந்தப் போட்டி உள்ளூரில் கிடையாது. வாசலில் கூட்டம் இல்லாத வீட்டுக்காரர் அவர்.

இரண்டாவது, இது தனிநபர் விளையாட்டு. அணி சேர்க்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் தேறினாலே போதும். இதே நாட்டின் கால்பந்து அணியைப் பார்த்தால் இது சட்டெனப் புரியும். 11 பேரை இறக்க வேண்டிய அந்த விளையாட்டில் லீக்டன்ஸ்டைன் ஃபிஃபா தரவரிசையில் 200-ஐ ஒட்டிக் கிடக்கிறது. சொந்தமாக ஒரு லீக் நடத்தும் அளவுக்குக்கூட அணிகள் இல்லாததால் அதன் கிளப்புகள் சுவிட்சர்லாந்து லீக்கில்தான் ஆடுகின்றன. கோடைகால ஒலிம்பிக்கிலும் இதுவரை ஒரு பதக்கம் இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம்: பக்கத்து வீட்டைப் பயன்படுத்திக்கொண்டது. டினா பயிற்சி எடுத்தது சுவிட்சர்லாந்து அணியோடு. எல்லைக்கு இரண்டு பக்கமும் உலகத்தரப் பனிச்சரிவுகள், பயிற்சியாளர்கள், மருத்துவர்கள். எல்லாவற்றையும் சொந்தமாகக் கட்டவேண்டிய தேவை வரவே இல்லை. வறுமையை வென்ற கதையும் இல்லை இது. உலகின் பணக்கார நாடுகளில் ஒன்று.

லக்ஸம்பர்க்கின் கதையும் இதே ரகம். 1992-ல் அந்தக் குட்டி நாட்டுக்கு இரண்டு வெள்ளி வாங்கிக் கொடுத்த மார்க் ஜிரார்டெல்லி ஆஸ்திரியாவில் பிறந்தவர். அங்குள்ள ஸ்கீ சங்கத்தோடு ஏற்பட்ட மனக்கசப்பில் லக்ஸம்பர்க்குக்காக இறங்கினார். அவரோடு அந்த நாட்டின் குளிர்காலப் பதக்கக் கதையும் நின்றுபோனது. சின்ன நாட்டின் வெற்றி ஒரு மனிதரின் முழங்காலை நம்பி நிற்கிறது. அவருக்கு அடிபட்டால் நாட்டுக்கே அடி.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து

இந்தியாவில் பனி இல்லை என்று சொல்ல முடியாது. குல்மார்க், ஆலி, மணாலி எல்லாம் இருக்கின்றன. குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா முதலில் கலந்துகொண்டது 1964-ல். ஆனால் நமக்கு நினைவில் நிற்கும் பெயர் சிவ கேசவன். அப்பாவுக்குக் கேரளத்தின் தலச்சேரி பூர்வீகம், அம்மா இத்தாலிக்காரர். சிவா வளர்ந்தது மணாலிப் பக்கம். மல்லாந்து படுத்தபடி பனிக்குழாய்ப் பாதையில் சறுக்கும் ‘லூஜ்’ அவருடைய விளையாட்டு. அதற்கான பாதையே இந்தியாவில் இல்லாததால், சறுக்கு வண்டிக்குச் சக்கரம் மாட்டி இமயமலை ரோட்டில், லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் இடையில் பயிற்சி எடுத்தார். 1998-ல் 16 வயதில் நாகானோ. 2018-ல் பியாங்சாங்கோடு ஓய்வு. மார்கோ பியூஷலைப் போலவே ஆறு ஒலிம்பிக், பதக்கம் இல்லை. ஆனால் பியூஷலுக்கு எல்லை தாண்டினால் சுவிட்சர்லாந்து இருந்தது. சிவாவுக்கு ரோடு மட்டும்தான் இருந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்தும் ஒருவர் போயிருக்கிறார். காபித் தோட்டங்களின் ஊரான குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா, பனியில் நெடுந்தூரம் ஓடும் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்கில் இந்தியாவுக்காக இறங்குபவர். பனியே பார்க்காத மலையில் பிறந்தாலும் கதவு முழுசாக மூடியில்லை என்பதற்கு அவர் சாட்சி.

அதற்காகக் கம்பத்தில் பனிச்சறுக்கு அகாடமி கட்டு என்று யாரும் சொல்லப்போவதில்லை. தேனி மாவட்டம் தன் பங்குக்குச் செய்திருக்கும் ஒரு வேலை லீக்டன்ஸ்டைன் கதைக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடைதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறது. பதிப்பு எண்ணிக்கை 60-ஐத் தாண்டிவிட்டது. சென்னை, பெங்களூரு மாதிரி நகரங்களில் பார்க்கவேண்டிய ராணுவ, கடற்படை, வங்கி அணிகள் இந்த மலையடிவார ஊருக்கு வந்து விளையாடுகின்றன. உள்ளூர்ப் பிள்ளைகள் மாம்பழ சீசனோடு சேர்த்து ஒவ்வொரு மே மாதமும் இந்தியாவின் நல்ல ஆட்டக்காரர்களைப் பத்தடி தூரத்தில் பார்த்து வளர்கிறார்கள்.

மால்புனில் பிள்ளைகளுக்கு இது வருடத்தில் பாதி நாள் கிடைக்கிறது. பெரியகுளத்தில் கோடையில் சில நாட்கள். மீதி நாட்களில் அந்தப் பிள்ளைகளுக்கு மைதானமும், பந்தும், சாயங்காலம் வந்து நிற்கும் ஒரு கோச்சும் கிடைக்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்தது.